சூடேறும் பழைய பிக்கப்புக்கு 28 துண்டு கூலிங் டெஸ்டர் பெட்டி: எதைச் சொல்லும், எங்கே ஏமாற்றும்

எஞ்சின் சூடேறுகிறது என்று பழைய பிக்கப்பைப் பட்டறையில் விட்டால் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புதான் காதில் விழும். ஒன்று, "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடலாம் பாஸ்." இன்னொன்று, "ஹெட் காஸ்கெட் போயிருச்சு." முதலாவது, சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வையே எடுத்துவிடும் தவறான வைத்தியம். இரண்டாவது, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு போய்விட்டது என்பது, உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எதை அளந்து பார்த்துச் சொன்னீர்கள் என்று கேட்டால் பதில் வராது. ஹெட்டை இறக்கி, மட்டம் பார்த்து, விரிசல் சோதித்து, புது காஸ்கெட்டும் போல்ட்டும் போட்டு ஏற்றுவதற்குள் ஆயிரம் வெள்ளி சாதாரணமாகத் தாண்டிவிடும். அதன் பிறகும் முள் மேலே ஏறினால் யாரை நொந்துகொள்வது?

அந்தக் கேள்விக்குப் பதிலாக விற்கப்படுவதுதான், கூலிங் அமைப்பில் அழுத்தம் ஏற்றிக் கசிவைத் தேடும் இந்த டெஸ்டர் பெட்டி. சிவப்பு அல்லது நீல பிளாஸ்டிக் பெட்டி, 28 துண்டு, கைப்பம்பு, வட்ட மீட்டர், நிறம் நிறமாக அடாப்டர்கள். ஒரே சரக்கை வெவ்வேறு பெயர் ஒட்டி விற்கிறார்கள், அதனால் பெயர் முக்கியமில்லை. இணையக் கடைகளில் நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். தனியாக வாங்க வேண்டியவை இரண்டு: நீலத் திரவம் ஊற்றிப் பார்க்கும் பிளாக் டெஸ்டர், துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி. மூன்றையும் சேர்த்தே இங்கே எடைபோடுகிறோம், ஏனென்றால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வர முடியாது.

இங்கே பழைய பிக்கப் என்றால் ஹைலக்ஸ், நவாரா, டி-மேக்ஸ், எல்200 போன்றவை. ஏறக்குறைய எல்லாமே டீசல். பின்னால் ஏணி, கம்பி, சிமெண்ட் மூட்டை. காலையில் சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் ஏர்கானைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து, பகலில் கட்டுமானத் தளத்துப் புழுதியில் நிற்கும் வண்டிகள். பெட்டியோடு வரும் கையேடோ பெட்ரோல் காரை மனதில் வைத்து எழுதப்பட்டது. இந்தப் பெட்டியின் பாதிக் குறை அங்கேதான் இருக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் முதலில் சோதிக்க வேண்டியது வண்டியை அல்ல, டெஸ்டரை. விலை குறைந்த பம்புகளில் குழாய் இணையும் இடத்து ஓ-ரிங் புதிதிலேயே கசியும். அது தெரியாமல் வண்டியில் மாட்டினால் முள் மெல்ல இறங்கும்; இல்லாத ஓட்டையைத் தேடி அரை நாள் போகும். மூடி சோதிக்கும் அடாப்டரில் ஒரு புது ரேடியேட்டர் மூடியை மாட்டி, மூடியின் அளவைவிடக் கொஞ்சம் குறைவாக அழுத்தம் ஏற்றி, ஐந்து நிமிடம் பாருங்கள். முள் இறங்கினால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஓ-ரிங்கில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

28 துண்டு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடாப்டர்களில் பழைய ஜப்பானிய பிக்கப்புகளுக்குப் பயன்படுவது இரண்டு மூன்றுதான். மற்றவை ஐரோப்பியக் கார்களின் திருகு மூடிகளுக்கு. வாங்கும்முன் உங்கள் ரேடியேட்டர் வாயின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். ஜப்பானிய மூடிகளில் சின்ன வால்வு, பெரிய வால்வு என்று இரண்டு ரகம் உண்டு. மாற்றிப் போட்டால் வாயில் உட்காரும், ஆனால் அடைக்காது. எதுவுமே பொருந்தாதபோது பெட்டியில் உள்ள ரப்பர் கூம்பு கைகொடுக்கும். ஆனால் அது 15 பீஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) தாண்டினால் நழுவும், அதை நம்பிக் குனிந்து முகத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இந்தப் பெட்டி கொடுத்த காசுக்கு ஈடுசெய்யும் இடம் மூடி சோதனை. மூடியை யாரும் சந்தேகிப்பதில்லை, அது ஒரு மூடிதானே என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது ஒரு வால்வு. ஒவ்வொரு பீஎஸ்ஐ அழுத்தமும் கொதிநிலையை ஏறக்குறைய 1.6 டிகிரி செல்சியஸ் உயர்த்தும். பாதிக்குப் பாதி கூலண்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்) கலந்த நீர் திறந்த பாத்திரத்தில் 106, 107 டிகிரியில் கொதிக்கும். 0.9 என்று முத்திரை குத்திய மூடி, அதாவது சுமார் 13 பீஎஸ்ஐ, அதற்கு மேல் இருபது டிகிரி இடம் கொடுக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்து 5 பீஎஸ்ஐயிலேயே மூடி திறந்துகொண்டால் அந்த இருபதில் பன்னிரண்டு, பதின்மூன்று போய்விடும். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லாமலே நெரிசலில் தண்ணீர் ரிசர்வ் பாட்டிலுக்குப் பொங்கும். அதிலும் கூலண்ட் தீர்ந்து குழாய்த் தண்ணீரே ஓடும் வண்டியில் கேட்கவே வேண்டாம்.

சோதிக்கும் முறை: மூடியின் ரப்பரை நனைத்து அடாப்டரில் மாட்டி, மெதுவாகப் பம்பு அடியுங்கள். முள் ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் தயங்கி நிற்கும், மூடியிலிருந்து மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம் வரும். அந்த எண்தான் மூடி திறக்கும் அழுத்தம். 0.9 மூடிக்கு டொயோட்டாவின் பழைய பழுதுபார்ப்புக் கையேடுகள் கொடுக்கும் வரம்பு 10.7 முதல் 14.9 பீஎஸ்ஐ; 8.5க்குக் கீழே போனால் தூக்கிப் போடச் சொல்கின்றன. 10 காட்டினாலும் நாங்கள் மாற்றத்தான் சொல்வோம். மூடி விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் கொஞ்சம்தான். ஒன்றை மட்டும் இந்தப் பெட்டி சோதிக்காது: மூடியின் நடுவில் உள்ள சின்ன வெற்றிட வால்வு. அதை நகத்தால் இழுத்துப் பாருங்கள். எளிதாகத் திறந்து, விட்டதும் பட்டென்று மூட வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் எஞ்சின் ஆறும்போது பாட்டிலிலிருந்து தண்ணீர் திரும்பி வராது. காலையில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கிடக்கும். இரண்டு வாரத்தில் ரேடியேட்டரில் தண்ணீர் குறையும், பாட்டிலில் மட்டும் நிறைந்திருக்கும்.

அடுத்து வண்டியில் அழுத்தச் சோதனை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறக்கும் வீரம் யாருக்கும் வேண்டாம். தண்ணீரை வாய் வரை நிரப்பி, டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். சில கையேடுகள் 17 பீஎஸ்ஐ வரை போகச் சொல்கின்றன; பத்துப் பதினைந்து வருடம் வெயிலில் வெந்த பிளாஸ்டிக் டாங்குள்ள ரேடியேட்டருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் ஹோஸ்கள் விரிவதால் அரை பீஎஸ்ஐ இறங்கும். அது கணக்கில்லை. அதற்குப் பிறகும் இறங்கினால் டார்ச்சை எடுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்களில் வாட்டர் பம்பை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். தண்டுக்குக் கீழே பென்சில் முனை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியே வரும். ஓடும்போது சொட்டு உடனே ஆவியாகிவிடுவதால் ஈரம் தெரியாது. அதற்குப் பதிலாக ஓட்டைக்குக் கீழே இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்த மாதிரி ஒரு கோடு படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். குளிரில் 13 பீஎஸ்ஐ ஏற்றிப் பத்து நிமிடம் கழித்து அங்கே ஒரு சொட்டு திரண்டு நின்றால் சந்தேகமே வேண்டாம். சொட்டு இல்லாமல் அந்தக் கோடு மட்டும் இருந்தால், எஞ்சினைச் சூடேற்றி, மறுபடி ஆறவிட்டு, இன்னொரு முறை ஏற்றிப் பாருங்கள்.

மற்ற இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டரின் டாங்கும் நடுவிலுள்ள குழாய்க் கட்டான கோரும் சேரும் விளிம்பு, எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஹீட்டர் குழாய்கள். இங்கே பல பிக்கப்புகளில் ஹீட்டரே இருக்காது. அந்தக் குழாய்களை வளைத்து ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள், அல்லது ரப்பர் மூடி போட்டு அடைத்திருப்பார்கள். அந்த மூடி வெடித்துத் தண்ணீர் போவது நடக்கும். கூடவே ஒரு விஷயம். சூடேறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடு என்று காணொளிகளில் சொல்லும் யோசனை அப்படிப்பட்ட வண்டிகளில் செல்லாது.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. உடனே ஹெட் காஸ்கெட் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சிங்கப்பூரில் 2006 அக்டோபர் முதல் புது டீசல் வண்டிகளுக்கு யூரோ 4 புகை விதி கட்டாயமானது. அதற்குப் பிந்தைய பல எஞ்சின்களில், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் அமைப்பின் கூலர் உண்டு. புகையைத் தண்ணீரால் குளிர்விக்கும் அந்தப் பெட்டி உள்ளே ஓட்டையானால் தண்ணீர் வெள்ளைப் புகையாகப் போய்விடும், தரையில் ஒரு சொட்டும் விழாது. அழுத்தம் ஏற்றிய நிலையிலேயே இஜிஆர் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள்: காய்ந்த கரியாக இருக்க வேண்டிய இடத்தில் ஈரக் குழம்பு இருந்தால் குற்றவாளி அதுதான். ரேடியேட்டர் வாயில் பழுப்பு நிறத்தில் பால் திரிந்த மாதிரி மிதந்தாலும் காஸ்கெட்தான் என்பதில்லை. டீசல் எஞ்சினில் ஆயில் கூலர் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கும். ஓடும்போது எண்ணெய் அழுத்தம் தண்ணீர் அழுத்தத்தைவிட அதிகம், எனவே எண்ணெய்தான் தண்ணீருக்குள் நுழையும். ஆட்டோ கியர் வண்டியில் அந்தப் பால் இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் குழாயைச் சந்தேகியுங்கள். இந்த இரண்டிலும் ஹெட்டைத் தொடத் தேவையில்லை.

அகச்சிவப்பு வெப்பமானி மூன்றிலும் மலிவு, அதிகம் தவறாகப் பயன்படுவதும் அதுதான். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் காட்டினால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். 95 டிகிரி உறை 60 என்று காட்டுவதைப் பார்த்து எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நம்பியவர்கள் உண்டு. அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு மின்நாடா ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும். ரப்பர் ஹோஸ், பிளாஸ்டிக் டாங்க் இவற்றில் நேராகவே அளக்கலாம். சிவப்புப் புள்ளி விழும் இடத்தை மட்டும் அது அளப்பதில்லை. 12க்கு 1 என்று எழுதிய கருவி 12 செண்டிமீட்டர் தொலைவில் 1 செண்டிமீட்டர் வட்டத்தை அளக்கும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எட்டு செண்டிமீட்டருக்கு மேல். கிட்டப் போங்கள், ஃபேனுக்கு விரல் கொடுக்காமல்.

எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது ரேடியேட்டருக்குள் நுழையும் ஹோஸையும் வெளியேறும் ஹோஸையும் அளந்து பாருங்கள். வேலை செய்யும் ரேடியேட்டரில் பத்து டிகிரி சுற்றில் வித்தியாசம் இருக்கும். மேலே 98, கீழே 50 என்றால் தண்ணீர் ஓடவில்லை: தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது கோர் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது பம்பின் இறக்கை அரித்துவிட்டது. மேலே 102, கீழே 99 என்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் போகவில்லை. இந்த இரண்டையும் பிரித்துக்கொடுப்பதே வெப்பமானியின் பெரிய உதவி. பிறகு கோர் முழுவதும் கட்டம் கட்டமாக அளந்து போங்கள். நடுவில் ஒரு பட்டை மட்டும் இருபது டிகிரி குறைவாக இருந்தால் அந்தக் குழாய்களில் துருவும் கசடும் அடைத்துவிட்டன. வருடக்கணக்கில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றிய வண்டியில் இதுதான் நடக்கும். நம் ஊரில் தண்ணீர் உறையப்போவதில்லை, கூலண்ட் எதற்கு என்பார்கள், அரிப்பைத் தடுப்பதற்கு.

டாஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். பல வண்டிகளில் 80லிருந்து 100 டிகிரி தாண்டும்வரை முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். இன்னும் மோசம், தண்ணீர் குறைந்து சென்சார் காற்றில் தொங்கினால் முள் கீழே இறங்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும், டாஷ்போர்டு ஊட்டி மாதிரி காட்டும்.

இந்த மூன்று கருவியாலும் நேரடியாகச் சோதிக்க முடியாத ஒன்று இருக்கிறது. நெரிசலில் மட்டும் சூடேறி, ஓட ஆரம்பித்ததும் ஆறிவிடும் பிக்கப்பில் முதல் சந்தேகம் அதன் மேல்தான்: ஃபேன் கிளச். அதற்குள் இருக்கும் சிலிக்கான் எண்ணெய் கசிந்து போனால் ஃபேன் சும்மா சுற்றும், காற்றை இழுக்காது. கிளச்சின் முகப்பில் சுருள் தகட்டைச் சுற்றிப் பிசுபிசுப்பாகத் தூசி ஒட்டியிருந்தால் அது கசிந்த எண்ணெய். எஞ்சினை முழுச் சூட்டில் நிறுத்தும்போது யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லி ஃபேனைப் பாருங்கள்: நல்ல கிளச் என்றால் ஏறக்குறைய ஒரு சுற்றில் நின்றுவிடும், செத்த கிளச் நாலைந்து சுற்று சுற்றும். ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் கூண்டு முழுதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரோ எப்போதோ வேலை பார்த்தபோது உடைந்து, பாதியைத் தூக்கி எறிந்த வண்டிகள் இங்கே ஏராளம். கூண்டில்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் எஞ்சின் சூட்டையே சுற்றிச் சுற்றிக் கலக்கும்.

ஏர்கானின் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் டார்ச் அடியுங்கள். முன்னால் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். நடுவில் சிமெண்ட் தூசியும் இலைச் சருகும் கம்பளி மாதிரி படிந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். உயர் அழுத்தத் துப்பாக்கியைக் கிட்ட வைத்தால் தகடுகள் மடங்கி நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும்.

இனி பிளாக் டெஸ்டர். ஒரு கண்ணாடிக் குழாய், ரப்பர் பந்து, நீலத் திரவம். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பந்தை அமுக்கினால் மேலே தேங்கியிருக்கும் காற்று திரவத்தின் வழியே குமிழிட்டு வரும். அந்தக் காற்றில் கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். அதாவது எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது, காஸ்கெட்டோ ஹெட்டோ போய்விட்டது. பெட்ரோல் காருக்கு இது ஏறக்குறைய நீதிபதி மாதிரி. டீசலுக்கு அப்படியில்லை.

காரணம் எளிது. பெட்ரோல் எஞ்சினின் புகையில் கரியமில வாயு 13, 14 சதவீதம் இருக்கும். டீசல் எஞ்சின் சும்மா நிற்கும்போது தேவைக்குப் பல மடங்கு காற்றை உறிஞ்சிக் கொஞ்சம் டீசலை எரிக்கிறது. புகையில் கரியமில வாயு 2, 3 சதவீதம்தான். அதில் ஒரு துளி கசிந்து, தண்ணீர் வழியாக வந்து, ரேடியேட்டர் வாயில் காற்றோடு கலந்தால் திரவத்துக்கு உறைக்காது. நீலம் நீலமாகவே இருக்கும். கையேடு என்ன சொல்கிறது? நீலமாக இருந்தால் காஸ்கெட் நன்றாக இருக்கிறது என்கிறது. இதை நம்பி வாட்டர் பம்பும் ரேடியேட்டரும் மாற்றி, கடைசியில் ஹெட்டை இறக்கும் நிலைக்கு வரலாம்.

இதற்கு வழி உண்டு. முதலில் அதே குழாயை சைலன்சர் வாயருகே வைத்து உறிஞ்சுங்கள். உங்கள் எஞ்சினின் புகையே திரவத்தை எவ்வளவு நேரத்தில், எந்த நிறத்துக்கு மாற்றுகிறது என்று தெரிந்துவிடும். டீசலுக்கு முழு மஞ்சள் வராமல் பச்சையிலேயே நிற்பது சகஜம். நேர்ப் புகையே பச்சையாக்க ஒரு நிமிடம் எடுத்தால், ரேடியேட்டரில் நீலமாக நின்றதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. திரவம் செத்துப்போயிருக்கிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். அந்தத் திரவத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி, ஏர்கானையும் விளக்குகளையும் போட்டு எஞ்சினுக்குச் சுமை கொடுத்து, 2,000க்கு மேல் சுற்றவிட்டு இரண்டு மூன்று நிமிடம் உறிஞ்சுங்கள். தண்ணீர் மட்டத்தை முன்கூட்டியே நாலைந்து செண்டிமீட்டர் இறக்கியிருக்க வேண்டும். கூலண்ட் ஒரு சொட்டு திரவத்தில் கலந்தாலும் நிறம் கெட்டுப்போகும், அந்தச் சோதனை செல்லாது. நீலம் மாறினால் நம்பலாம். மாறாவிட்டால் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

அந்த அடுத்த சோதனை கையேட்டிலேயே இல்லை. டீசலுக்கு இந்தப் பெட்டியின் மிகச் சிறந்த பயன் அதுதான். இரவெல்லாம் ஆறிய எஞ்சின், வாய் வரை தண்ணீர். டெஸ்டரை மாட்டுங்கள், ஆனால் பம்பு அடிக்காதீர்கள். முள் பூஜ்யத்தில். எஞ்சினைக் கிளப்பி மீட்டரை மட்டும் பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் விரிவதற்கு நேரமாகும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் முள் அசையக்கூடாது, அசைந்தாலும் ஒரு பீஎஸ்ஐ தாண்டக்கூடாது. ஹோஸ் இன்னும் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போதே முள் 5, 8, 10 என்று ஏறினால், எஞ்சின் சத்தத்தோடு சேர்ந்து லேசாகத் துடித்தால், எரியும் அறையிலிருந்து வாயு வருகிறது. கரியமில வாயு எத்தனை சதவீதம் என்பது இங்கே முக்கியமில்லை, அழுத்தம்தான் கணக்கு. அழுத்தத்தில் டீசல் பெட்ரோலைவிட முரடு. 15ஐத் தொட்டதும் எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை விடுவியுங்கள். இந்தப் பெட்டியில் தானாகத் திறக்கும் வால்வு கிடையாது, அது பெரிய குறை.

வாட்டர் பம்ப் காற்றை உறிஞ்சிக் குழப்புகிறதோ என்று சந்தேகம் வந்தால், வாட்டர் பம்ப் பெல்டைக் கழற்றிவிட்டு இதே சோதனையை ஒரு நிமிடம் மட்டும் செய்யலாம், டைமிங் பெல்ட்டே பம்பைச் சுற்றும் எஞ்சின் இல்லையென்றால். எந்த சிலிண்டர் என்று தெரிய வேண்டுமா? இயந்திரப் பம்புள்ள பழைய டீசலில் இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால், எதைத் தளர்த்தும்போது முள்ளின் துடிப்பு நிற்கிறதோ அந்த சிலிண்டர். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய் உள்ள காமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. அங்கே குழாயில் இருப்பது ஆயிரம் பாரைக்கூடத் தாண்டக்கூடிய அழுத்தம், தோலைத் துளைத்து டீசல் ரத்தத்தில் இறங்கும்.

காஸ்கெட் என்று உறுதியானாலும் பட்டறையில் ஒரு கேள்வி கேளுங்கள்: ஹெட்டை விரிசலுக்குச் சோதிப்பீர்களா? மிட்சுபிஷியின் 4டி56 எஞ்சினில் வால்வுகளுக்கு நடுவே ஹெட் வெடிப்பது ஊரறிந்த விஷயம். புது காஸ்கெட் அதை மூடாது. வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றான சிஓஇ எவ்வளவு மிச்சம் என்பதையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பாருங்கள். இங்கே சரக்கு வண்டிக்கு மொத்த ஆயுள் 20 வருடம். எட்டு மாதம் மிச்சமுள்ள வண்டிக்குப் புது ஹெட் வாங்குவது நமக்குச் சரியாகப் படவில்லை. பழைய ஹெட் ஒன்று தேடுவதோ வண்டியை முன்கூட்டியே கொடுத்துவிடுவதோ மேல்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் பழக்கத்துக்கு வருவோம். பல தெர்மோஸ்டாட்டுகளின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். சூடானதும் மேல்வாய் திறக்கும்போதே அந்தத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். மொத்தமாகக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே சுற்றும். சும்மா ஓட்டும்போது குளிர்ந்துகிடக்கும் எஞ்சின், சுமையோடு மேட்டில் ஏறும்போது முன்பைவிட அதிகமாகச் சூடேறும். பெட்டியில் வரும் கம்பி வெப்பமானி இங்கே நன்றாகப் பயன்படுகிறது: தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டிப் பானைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள், அடியைத் தொடாமல். 82 என்று குத்தியிருந்தால் 80, 84க்குள் திறக்க ஆரம்பித்து, 95ல் எட்டு மில்லிமீட்டராவது திறந்திருக்க வேண்டும். மாட்டும்போது அதில் ஆடும் சின்ன ஊசி உச்சியில் இருக்கட்டும், காற்று வெளியேறுவது அதன் வழியாகத்தான்.

பெட்டியின் மீதிப் பாதி, வெற்றிடத்தில் தண்ணீர் நிரப்பும் கருவி. அதற்குக் கம்ப்ரசர் வேண்டும். இருப்பவர்களுக்கு அருமையான சாமான்: காற்றை உறிஞ்சி ஹோஸ்கள் சப்பையானதும் வால்வை மூடி, முள் நிற்கிறதா என்று பார்த்து, கூலண்ட் வாளியில் குழாயை விட்டால் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரம்பும். ஹோஸ் பழசாக இருந்தால் அந்தச் சப்பையிலேயே விரிசல் விடும், ஆனால் அது எப்படியும் போகவேண்டிய ஹோஸ். கம்ப்ரசர் இல்லையென்றால் இந்தக் கருவிக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். மூக்கு மேலே இருக்கும்படி வண்டியைச் சரிவில் நிறுத்தி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி மெதுவாக நிரப்பினாலே போதும்.

பட்டறைக்கு ஒன்று வாங்குவதானால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஒரே ஒரு பிக்கப் வைத்திருப்பவர் பம்பு, மூடி அடாப்டர், தன் வண்டிக்கான ஒரு அடாப்டர் மட்டும் உள்ள சின்னப் பெட்டியும் நல்ல வெப்பமானியும் வாங்கினால் போதும்; பிளாக் டெஸ்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாங்கினால் திரவத்தை வெயில்படும் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். இந்தச் சோதனைகளில் பாதிக்கு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்திய வண்டியில் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது இங்கே குற்றம் என்பதால் புளோக்கின் கீழே கார்நிறுத்துமிடத்தில் வேண்டாம், காக்கி புக்கிட்டோ சின் மிங்கோ, தெரிந்த பட்டறையில் ஓர் ஓரம் கேட்டுச் செய்யுங்கள். இறக்கிய கூலண்டை அங்கேயே கழிவு டப்பாவில் விட்டுவாருங்கள். வடிகாலில் ஊற்றினால் அது நம் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும். பூனைகளும் நக்கும், அது அவற்றுக்கு விஷம்.